மேடம் மணியின் பதில்கள்

என்னிடம் ஒரு காலத்தில் வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த பிரியா, இப்போது ஆக்லாந்தின் வடக்கே ஆல்பனியில் நடக்கும் ஒரு கலைவிழாவுக்கு நிகழ்ச்சிகள் தேர்ந்தெடுக்கிறாள். போன மாதம் வீட்டுக்கு வந்தவள், சோபாவில் உட்கார்ந்தபடியே மடிக்கணினியில் வரிசையாக வீடியோக்களைப் போட்டுப் பார்த்தாள். ஒருவர் தீப்பந்தம் சுழற்றுகிறார், அரை நிமிடம். அடுத்தவர் பாடுகிறார், அரை நிமிடம். வேண்டும், வேண்டாம் என்று விரலால் தள்ளிக்கொண்டே போனாள்.

“ஆன்ட்டி, நீங்க எல்லாம் எப்படி முடிவு பண்ணுவீங்க?” என்று கேட்டாள். நான் கொஞ்சம் சொன்னேன். பிறகு அவள், “நல்லா கைதட்டு வாங்கிட்டிருந்த ஐட்டத்த எப்பவாவது நிறுத்தியிருக்கீங்களா?” என்றாள்.

“ஒரே ஒரு தடவை” என்றேன். அதற்குமேல் பேச்சை மாற்றிவிட்டேன். தேநீர் போட எழுந்து போனேன். அவளுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் ஈப்போவில் ஒரு சினிமாக் கொட்டகையின் டிக்கெட் கூண்டில் வேலை பார்த்தவள். கல்யாணம், பிள்ளை, கணவருக்கு ஆக்லாந்தில் வேலை, மகளின் பள்ளிக்கூடத்துக்காக அங்கே எப்சம் பகுதியில் ஒரு சின்ன வாடகை வீடு. இந்த ஊரில் எனக்குத் தெரிந்த வேலை டிக்கெட் கொடுப்பது மட்டும்தான். அதையே தேடிப் போனேன். நகரத்துக்கு மேற்கே, ரயில் பாதையை ஒட்டி இருந்த ஒரு பழைய அரங்கில் எடுத்துக்கொண்டார்கள். கூண்டிலிருந்து முன்கூடத்துக்கு, அங்கிருந்து அலுவலக அறைக்கு என்று மெதுவாக நகர்ந்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான்தான் அந்த அரங்கின் மேலாளர்.

எங்களிடம் பெரிய நாடகங்கள் வராது. பிற்பகல் பல்சுவை நிகழ்ச்சிதான் எங்கள் பிழைப்பு. புதன்கிழமையும் சனிக்கிழமையும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேருந்துகளில் முதியவர்கள் வந்து இறங்குவார்கள். முதியோர் இல்லங்கள், பழைய படைவீரர் சங்கங்கள், தேவாலயக் குழுக்கள். கைத்தடி, சக்கர நாற்காலி, மடியில் போர்த்திக்கொள்ள கம்பளி. மேடையில் எட்டு நிகழ்ச்சிகள். பந்து வித்தை, பாட்டு, காலால் தட்டி ஆடும் நடனம், பொம்மையைப் பேசவைப்பவர், மந்திரவாதி, நாய்களை வைத்து ஒரு அம்மாள். இளமையில் பெரிய ஊர்களில் பேர் வாங்கியவர்களும் இருந்தார்கள், எங்கும் பேர் வாங்காதவர்களும் இருந்தார்கள். எல்லோரும் எங்களிடம் வந்து சேரும்போது வயதாகியிருந்தது.

உரிமையாளரின் பெயர் நோயல். நெட்டையான, குனிந்து நடக்கிற, அதிகம் பேசாத மனிதர். ஒவ்வொரு புதிய வரிசையின் முதல் காட்சியிலும் கடைசி வரிசையில் வந்து உட்கார்வார். பக்கத்தில் நான். அவர் மேடையைப் பார்த்து நான் கண்டதில்லை. முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் முதுகைத்தான் பார்ப்பார்.

“மேடையில் இருப்பவர்கள் உன்னை ஏமாற்றுவதற்கென்றே பயின்றவர்கள், ஸ்டெல்லா. முதுகுகளுக்கு அந்தப் பயிற்சி கிடையாது” என்பார்.

கைப்பையைத் திறக்கும் சத்தம், மிட்டாய்த் தாள் கசங்கும் சத்தம், இருமல். இருமலில் கூட அவருக்கு வகை இருந்தது. நெஞ்சிலிருந்து வரும் இருமலை விட்டுவிடுவார். சலிப்பில் வருவதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார். காட்சி முடிந்ததும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு வார்த்தை சொல்வார். ‘இருக்கட்டும்.’ ‘நகர்த்து.’ ‘போகட்டும்.’ நல்லது, கெட்டது என்ற சொற்களை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை.

நகர்த்துவதுதான் வேலையில் பாதி. முதல் இடத்தில் வாய்ப்பேச்சு இருக்கக் கூடாது, ஆட்கள் இன்னும் இருக்கை தேடிக்கொண்டிருப்பார்கள். பந்து வித்தைக்காரர் அங்கே. இடைவேளைக்குச் சற்று முன்னால் இருக்கிறதிலேயே வலுவானது வரவேண்டும், அதைப் பற்றிப் பேசிக்கொண்டே அவர்கள் தேநீருக்கு வரிசையில் நிற்பார்கள். இடைவேளைக்குப் பிந்தைய இடத்துக்கு யாரும் ஆசைப்பட மாட்டார்கள். பாதிப் பேர் கழிவறையில் இருப்பார்கள்.

ஒருமுறை புதிதாக வந்த ஒரு பந்து வித்தைக்காரர், எறிந்து பிடிக்கும் கட்டைகளில் ஒன்றைத் தவறவிட்டார். எடுத்து மறுபடி எறிந்து பிடித்தபோது கைதட்டல் இரண்டு மடங்கானது. பாவம், பதற்றம் என்றேன் நான். “சனிக்கிழமை வரை பொறு” என்றார் நோயல். சனிக்கிழமையும் அதே இடத்தில், அதே கட்டை விழுந்தது. அன்றிலிருந்து மேடையில் நடக்கும் எந்தத் தவறையும் நான் முதல் தடவையே நம்புவதில்லை.

ஒருவரை நிறுத்த வேண்டியிருந்தால் அதைச் சொல்வது மேலாளரின் வேலை. அதற்கும் நோயலிடம் முறை இருந்தது. வேஷத்தில் இருப்பவரிடம் சொல்லக் கூடாது, அவர் முகம் கழுவி, தன் சொந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ளட்டும். நின்றுகொண்டே சொல்ல வேண்டும். உட்கார்ந்தால் பேச்சு வளரும். காரணம் கேட்டால் ஒரே ஒரு காரணம் சொல்ல வேண்டும், அதுவும் உண்மையானதாக இருக்க வேண்டும். நான் நிறையப் பேரிடம் அப்படி நின்றுகொண்டு சொல்லியிருக்கிறேன். நாய்க்கார அம்மாளிடமும் அப்படித்தான் சொன்னேன். நாய்களை ஒவ்வொன்றாகக் காரில் ஏற்றிவிட்டு, கடைசி நாயைக் கட்டிக்கொண்டு பின்னிருக்கையிலேயே நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

‘புரொபசர் ரத்னம், மேடம் மணி’ என்ற ஜோடி எங்களிடம் வந்தது நான் மேலாளரான புதிதில். கணவன் மனைவி. யாழ்ப்பாணத்துக்காரர்கள். இளவயதில் கொழும்பு கார்னிவல்களிலும், பிறகு சிங்கப்பூர், மலாயாவிலும் மனத்தைப் படிக்கும் வித்தை காட்டியவர்கள். ஊரில் சண்டை மூண்டபின் இங்கே இருந்த மகனிடம் வந்து சேர்ந்தார்கள். ஹென்டர்சனில் மகன் வீட்டோடு இருந்தார்கள். அவர் பெயர் குணரத்தினம். அந்த அம்மா பூமணி. அரங்கு முழுக்க நாங்கள் மூவர்தான் தமிழர்கள். அவரை நான் அண்ணே என்பேன், அம்மாவை அக்கா. அவர்கள் என்னைப் பிள்ளை என்பார்கள்.

நிகழ்ச்சி எளிமையானது. பட்டுச்சேலை கட்டிய மணி அக்கா மேடை நடுவே நாற்காலியில் உட்கார்வார். கறுப்புத் துணியால் அவர் கண்ணைக் கட்டிவிட்டு ரத்னம் அண்ணன் கீழே இறங்கி ஆட்களுக்கு நடுவே நடப்பார். யாராவது தங்கள் பொருளை அவர் கையில் கொடுப்பார்கள். அவர் அங்கிருந்தே கேட்பார், அக்கா மேடையிலிருந்து சொல்வார். கைக்கடிகாரம். புகைபிடிக்கும் குழாய். இறந்துபோன கணவரின் படம் உள்ள பதக்கம். முதியவர்கள் வாயில் கைவைத்துக்கொள்வார்கள். சூட்சுமம் கேள்வியில் இருந்தது. ‘விரைவாகச் சொல்லுங்கள் மேடம்’ என்றால் ஒரு பொருள், ‘மேடம், யோசித்துச் சொல்லுங்கள்’ என்றால் வேறொன்று. எல்லாம் ஆங்கிலத்தில். அப்படி நூற்றுக்கணக்கான கேள்விகளை இருவரும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். வீட்டில் வெங்காயம் உரிக்கும்போதும் அதைத்தான் கதைத்துக்கொள்வோம் என்று அக்கா ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார்.

பல பருவங்கள் அவர்கள் எங்கள் வரிசையில் இருந்தார்கள். நோயல் ஒவ்வொரு முறையும் ‘இருக்கட்டும்’ என்பார். அவ்வளவுதான். இடைவேளைக்கு முந்தைய இடம் அவர்களுக்குக் கிடைத்ததில்லை.

ஒரு குளிர்காலத்தில் மணி அக்கா முதல் தவறைச் செய்தார். ஒரு கிழவர் கொடுத்த குழாயை அவர் மூக்குக்கண்ணாடி என்றார். மெல்லச் சிரிப்பு எழுந்தது. ரத்னம் அண்ணன் அந்தக் குழாயைத் தன் மூக்கின்மேல் வைத்துக் காட்டினார். சிரிப்பு பெரிதானது. அடுத்த காட்சியில் இரண்டு தவறுகள். அதற்கடுத்த வாரம் ஒரு பெண்மணியின் பேனாக்கத்தியைப் பிடித்தபடி அவர் கேட்டபோது, மேடையிலிருந்து கம்பீரமான குரலில் பதில் வந்தது.

“பாக்குவெட்டி.”

அரங்கு குலுங்கியது. கண்ணைக் கட்டிக்கொண்டு அரசிபோல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், யாருக்கும் புரியாத ஒரு மொழியில், அவ்வளவு உறுதியாகப் பதில் சொல்வது அவர்களுக்குத் தாங்க முடியாத வேடிக்கையாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். அன்று வந்திருந்த நோயல் முதுகுகளைப் பார்த்தார். அத்தனை முதுகுகளும் ஆடிக்கொண்டிருந்தன.

“புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். நகர்த்து. இடைவேளைக்கு முன்னால் போடு” என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். விழுந்த கட்டை எனக்கு நினைவிருந்தது. ஆனால் அந்தச் சனிக்கிழமை நான் கேள்விகளைக் கவனித்துக் கேட்டேன். ரத்னம் அண்ணன் அந்தப் பழைய கேள்விகள் எதையும் கேட்கவில்லை. எந்தப் பொருளைத் தூக்கினாலும், “மேடம், இது என்ன?” என்று மட்டும் கேட்டார். கேள்வியில் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. அவர் விதைக்காத பதில்கள் அங்கிருந்து வந்துகொண்டிருந்தன. ஒரு சாவிக்கொத்துக்கு அக்கா, “லாம்புக்கு எண்ணெய் விட்டாச்சோ?” என்றார். ஒரு கைக்குட்டைக்கு, “பிள்ளையள் வந்திட்டுதுகளோ? இருட்டுப்படுது” என்றார். இரண்டாவதைச் சொல்லும்போது குரல் நடுங்கியது. சிரிப்பில் அது யாருக்கும் கேட்டிருக்காது.

காட்சி முடிந்து ஒப்பனை அறைக்குப் போனேன். அக்கா கண்ணாடி முன் உட்கார்ந்து பவுடரைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்ணாடியிலேயே பார்த்தார்.

“வாங்கோ. நீங்கள் கொழும்போ?” என்றார்.

எத்தனையோ வருடம் என் சாப்பாட்டுப் பாத்திரத்திலிருந்து ரெண்டாங் கறி அள்ளித் தின்றவர். நான் ஈப்போ என்றேன். “ஓ, ஈப்போ. நல்ல இடம்” என்றார் மரியாதையாக.

ரத்னம் அண்ணன் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்து வந்தார். “அவவுக்குக் களை, பிள்ளை. வாரத்தில ரெண்டு காட்சி எண்டால் களைச்சுப் போவா.”

“அண்ணே, அந்தப் பதிலெல்லாம்...”

“புது ஐட்டம். சனம் சிரிக்குதுதானே?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த வாரம் நோயலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கார் நிறுத்துமிடத்தில், மழைத் தூறலில். அவர் கார்க் கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லி முடித்ததும், “சனிக்கிழமை வருகிறேன். அவள் சொல்வதை ஒவ்வொன்றாக எனக்குச் சொல்” என்றார். நிகழ்ச்சியின்போது பேசினால் முறைத்துப் பார்க்கிற மனிதர் அவர்.

அந்தச் சனிக்கிழமை அரங்கு நிறைந்திருந்தது. மணி அக்காவைப் பற்றி இல்லத்துக்கு இல்லம் சொல்லக் கேட்டு வந்தவர்கள் பலர். நான் நோயலின் காதருகே குனிந்து மொழிபெயர்த்தேன். அரிசி களைந்தாகிவிட்டதா என்கிறார். கிணற்றடிக்குப் போகாதே என்கிறார். ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு எழுந்து அடங்க நேரமானது. ரத்னம் அண்ணன் ஒரு பெண்ணின் கைக்கடிகாரத்தை உயர்த்திப் பிடித்து, “மேடம், இது என்ன?” என்றார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். இருக்கைகளுக்கு நடுவே இன்னும் கொஞ்சம் எங்கள் பக்கமாக வந்து மறுபடி கேட்டார்.

மணி அக்கா கட்டிய கண்ணோடு தலையைத் திருப்பித் திருப்பி அந்தக் குரலைத் தேடினார். பிறகு பக்கத்தில் யாரோ இருப்பதுபோல் சாய்ந்து, கவலையாகச் சொன்னார்.

“ஆரோ ஒரு மனிசன் இவ்வளவு நேரமா ஆரையோ கூப்பிட்டுக்கொண்டு திரியிறார். ஒருத்தரும் பதில் சொல்லுகினமில்லை. பாவம். ஆரும் எழும்பிப்போய் என்னெண்டு கேளுங்கோவன்.”

அன்று கேட்டதுபோல் ஒரு சிரிப்பை அந்த அரங்கில் நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. காலால் தரையைத் தட்டினார்கள். ரத்னம் அண்ணன் கையில் கடிகாரத்தோடு எங்களுக்கு நான்கைந்து வரிசை முன்னால் நின்றார். அவர் முகம் எனக்குத் தெரிந்தது. பிறகு அவர் நிமிர்ந்து, இடுப்பு வரை குனிந்து, வலப்புறமும் இடப்புறமும் வணக்கம் வைத்தார்.

“என்ன சொன்னாள்?” என்றார் நோயல். நான் சொன்னேன்.

இடைவேளை விட்டு ஆட்கள் எல்லாம் வெளியே போகும்வரை அவர் எழவில்லை. “முதுகுகளைக் கேட்டால், நாற்பது வருடத்தில் என்னிடம் வந்ததிலேயே பெரிய நிகழ்ச்சி இது” என்றார். “ஆனால் இன்று இந்த அரங்கில் இதைக் கேட்டவள் நீ ஒருத்திதான். அதனால் நான் சொல்ல முடியாது. நீதான் சொல்ல வேண்டும்.”

அவர் தந்த பொறுப்புகளில் அது ஒன்றைத்தான் நான் வெறுத்தேன்.

ரத்னம் அண்ணன் முகம் கழுவி, தன் பழுப்புக் கோட்டைப் போட்டுக்கொள்ளும்வரை காத்திருந்தேன். அக்கா ஒப்பனை அறையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் மேடைக்குப் பின்னால், திரைகளுக்கு நடுவே நின்றோம்.

“அண்ணே, இதோட நிறுத்திக்கலாம். அக்காவ டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?”

“காட்டினனான். எல்லாம் காட்டினனான்.” அவர் குரல் தணிந்திருந்தது. “அதுக்கு மருந்தில்லையாம். பிள்ளை, நான் உமக்கு ஒளிக்கேல்லை. முதலில எனக்கே விளங்கேல்லை. பிறகு விளங்கிச்சுது. ஆனா ஒண்டு சொல்லுறன் கேளும். வீட்டில அவ என்னைப் பாத்து ஆர் நீங்கள் எண்டு கேக்கிறா. மகனோட சண்டை பிடிக்கிறா. இரவில வாசலைத் திறந்துகொண்டு போறா. இஞ்ச கொண்டுவந்து, சேலையை உடுத்தி, கண்ணைக் கட்டி இருத்தினால் மட்டும் நிமிந்து இருக்கிறா. என்ர குரலுக்குத் தலையைத் திருப்புறா. வாரத்தில எனக்கு மிஞ்சியிருக்கிறது அந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிசந்தான். அதையும் எடுக்கப் போறீரோ?”

“அவங்களப் பாத்து சிரிக்கிறாங்கண்ணே.”

“சிரிக்கட்டும். அவவுக்கு அது கைதட்டு மாதிரித்தான் கேக்குது. முகத்தைப் பாரும், எவ்வளவு சந்தோசம்.”

“அவங்க சொல்றது எனக்குப் புரியுதே.”

“உமக்கு மட்டுந்தானே விளங்குது? சனத்துக்கு விளங்கேல்லைத்தானே?”

“ஆமா.”

“அப்ப அந்த நேரம் நீர் வெளியில நில்லுமன்” என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. வழி தெரியாதவருக்கு வழி சொல்வதுபோலச் சொன்னார். நோயலின் முறைகளில் இதற்கு ஒன்றும் இல்லை. இன்னொரு காட்சி பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் என் கணவரிடம் கேட்டேன். “அந்த மனுஷன் சொல்றதும் சரிதானே? யாருக்கு நஷ்டம்?” என்றார். ஞாயிறு, திங்கள் முழுக்க அதையேதான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு வலியில்லை. அண்ணனுக்கு அது வேண்டும். பேருந்துகளில் வந்தவர்கள் சிரித்துக்கொண்டு திரும்புகிறார்கள். குறுக்கே நிற்பது என் தமிழ் ஒன்றுதான்.

புதன்கிழமை அவர் சொன்னபடியே செய்தேன். அவர்கள் முறை வந்ததும் எழுந்து முன்கூடத்துக்குப் போனேன். பின்னால் கதவை இழுத்துச் சாத்தினேன். தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அக்காவின் குரல் கேட்கவில்லை. சிரிப்பு மட்டும் கேட்டது. ஒரு அலை வரும், அடங்கும், நான் காத்திருப்பேன், அடுத்தது வரும். உள்ளே அவர் என்ன சொல்லியிருப்பார் என்று ஒவ்வொரு சிரிப்புக்கும் என் மனம் ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் எங்கே. வீட்டுக்குப் போவோம். இந்த ஆள் யார். நான் உள்ளே இருந்தாலாவது அந்தக் கூட்டத்தில் ஒருத்தி சிரிக்காமல் இருந்திருப்பாள். இப்போது அவர் பேசுவதைக் கேட்க அங்கே அவர் கணவரைத் தவிர யாருமில்லை. அவருக்கோ குனிந்து வணக்கம் வைக்கிற வேலை இருந்தது.

அன்று மாலையே அவரிடம் சொன்னேன். நின்றுகொண்டுதான். “முடியாதுண்ணே” என்றேன். காரணம் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கறுப்புத் துணியை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார்.

“அவவுக்குச் சொல்லாதையும். நான் பாத்துக்கொள்ளுறன்” என்றார். பிறகு ஒப்பனை அறை வாசலில் நின்று, “வாரும் மணி, போவம்” என்று கூப்பிட்டார். அக்கா எழுந்து வந்தார். என்னைத் தாண்டும்போது, “போட்டு வாறம்” என்று சொல்லிக் கைகூப்பினார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, காட்சி தொடங்குவதற்குச் சற்று முன் பின்வாசல் காவலாளி வந்து மேடம் மணி வந்திருப்பதாகச் சொன்னார். பட்டுச்சேலையை எப்படியோ சுற்றிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு, தனியாக ரயில் ஏறி வந்திருந்தார். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். அந்த அறையைப் புதிய பாடகிக்குக் கொடுத்திருந்தேன். அந்தப் பெண் ஓரமாக நின்று என்னைப் பார்த்தாள்.

“அவர் இன்னும் வரேல்லையே” என்றார் அக்கா. “நேரம் போட்டுது. கண்ணைக் கட்டவேணும்.”

“வந்திடுவாருக்கா” என்றேன். ஹென்டர்சனுக்குப் போன் செய்தேன். மகனின் காரில் ரத்னம் அண்ணன் வந்து சேரும்வரை அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மேடையிலிருந்து கைதட்டல் கேட்கும்போதெல்லாம் எழுந்துகொள்வார். கையைப் பிடித்து உட்காரவைப்பேன். அண்ணன் வந்தார். அக்காவின் தோளில் கோட்டைப் போர்த்தி அழைத்துப் போனார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நெடுங்காலம் அவர்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. கோயிலில் பார்த்தவர்கள், அக்காவை ஹென்டர்சனிலேயே ஒரு முதியோர் இல்லத்தில் விட்டிருக்கிறார்கள் என்றார்கள். அந்த நேரத்தில் எங்கள் பேருந்துகளும் குறைந்தன. நோயல் காலமானார். அவருடைய பிள்ளைகள் அரங்கை விற்றார்கள். கம்பளம் விற்கிற ஒருவர் வாங்கினார். மேடையைப் பெயர்த்தெடுத்த அன்று நான் அங்கே இல்லை. நகராட்சிக் கூடம் ஒன்றில் எனக்கு வேறு வேலை கிடைத்திருந்தது.

ஒருநாள் வீட்டுக்குப் போன் வந்தது. “ரத்னம் கதைக்கிறன்” என்றது குரல். “நேரம் கிடைச்சால் ஒருக்கால் வந்து பாரும், பிள்ளை.” போனை வைத்துவிட்டார்.

ஒரு பிற்பகல் போனேன். அதுதான் நான் மணி அக்காவைக் கடைசியாகப் பார்த்தது. அடுத்த குளிர்காலத்தில் அவர் போய்விட்டார்.

பெரிய கூடம். சுவரோரமாக நாற்காலிகள். பத்துப் பதினைந்து முதியவர்கள். சிலர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தொலைக்காட்சியை அணைத்திருந்தார்கள். சன்னலோரம் அக்கா உட்கார்ந்திருந்தார், மிகவும் மெலிந்து, யாரோ போட்டுவிட்ட கம்பளிச் சட்டையில். ரத்னம் அண்ணன் அதே பழுப்புக் கோட்டில் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கூடத்தின் நடுவில் போய் நின்று தொண்டையைச் செருமினார்.

அக்காவின் கண்ணைக் கட்டவில்லை. ஒரு கிழவியின் சீப்பை வாங்கி உயர்த்திப் பிடித்தார்.

“மேடம், இது என்ன?”

அக்கா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மழை” என்றார்.

“சரியான விடை” என்று ஆங்கிலத்தில் அறிவித்தார் அவர். அரங்கில் அதைப் பொருளின் சொந்தக்காரர்தான் சொல்வார். இங்கே அவரே சொன்னார். ஒரு கோப்பையை எடுத்தார். அக்கா, “அம்மா எங்க?” என்றார். “சரியான விடை.” ஒரு தாதியின் பேனா. அதற்குப் பதிலே இல்லை. “சரியான விடை.” யாரும் சிரிக்கவில்லை. மூலையில் ஒருவர் மட்டும் ஒவ்வொரு முறையும் மெதுவாகக் கைதட்டினார்.

ஒவ்வொரு நாற்காலியாகச் சுற்றி வந்து அக்காவின் முன்னால் நின்றார். பொருட்கள் தீர்ந்திருந்தன. வெறும் கையைத் தன் நெஞ்சில் வைத்தார். அப்போது மட்டும் தமிழில் கேட்டார்.

“மணி, இது ஆர்?”

அக்கா அவரை உற்றுப் பார்த்தார். உதடுகள் அசைந்தன. கூடத்தில் யாரோ இருமினார்கள். தேநீர் வண்டி வாசலில் வந்து நின்றது.

“தெரியேல்லை” என்றார்.

ரத்னம் அண்ணன் கூடத்தின் பக்கம் திரும்பி நிமிர்ந்து நின்றார்.

“சரியான விடை” என்றார்.